மூக்கு அளந்த வருஷம்

திருச்சியில் ஆஸ்பத்திரி ரத்தப் பிரிவில் அட்டெண்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஆஸ்பத்திரி ஊழியர் சங்க மலருக்கு எழுதுங்கள் என்று வருஷா வருஷம் கேட்பார்கள். எனக்கு எழுத வராது என்று சொல்லிவிடுவேன். இந்த வருஷம் கலைச்செல்வி விடவில்லை. நான் ஓய்வு பெறும் சமயத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்த பெண் அவள். இப்போது பிரிவையே அவள்தான் பார்க்கிறாள்.

ஏதோ பல்கலைக்கழகத்திலிருந்து ஆட்கள் வந்திருந்தார்களாம். ஜாதி ஜாதியாக ரத்தம் எடுத்துப் போனார்களாம். யார் எங்கிருந்து வந்தவர்கள் என்று ஜீனில் பார்ப்பார்களாம். அதைச் சொல்லிவிட்டு, "ஐயா, நீங்க இங்க வர்றதுக்கு முன்னாடி மண்டை அளக்குற வேலை பாத்தீங்களாமே, நெசமா?" என்று கேட்டாள். நெசம்தான் என்றேன். எதுக்கு அளந்தார்கள் என்றாள். ஒரு வார்த்தையில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்குச் செந்துறைப் பக்கம். சேரியில் பிறந்தவன். அப்பா சின்ன வயதில் போய்விட்டார். அம்மா களை எடுத்து வளர்த்தாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் எழுத்தும் எண்ணும் படித்தேன். எண் நன்றாக வரும். யுத்தம் முடிந்த சமயம் பெரம்பலூர் டிராவலர்ஸ் பங்களாவில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். அங்கே மெட்ராஸிலிருந்து ஒரு டாக்டர் வந்து தங்கினார். வைத்தியம் பார்க்கும் டாக்டர் இல்லை. மனித ஜாதிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். அவர் பேரை எழுதவில்லை. பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பெட்டி தூக்க, தலை பிடிக்க, எண் எழுத ஒரு ஆள் வேண்டும் என்றார். ஒரு பலகையில் என்னை எழுதச் சொல்லிப் பார்த்தார். சரி என்றார். ஜாதி கேட்டார். சொன்னேன்.

"யார் கேட்டாலும் மெட்ராஸ்னு சொல்லு. அதுக்கு மேல கேட்டா என்கிட்ட அனுப்பு" என்றார்.

ஒரு வருஷம் நல்லபடியாக வேலை பார்த்தால் மெட்ராஸில் நிரந்தர உத்தியோகம் என்றும் சொன்னார். அது எனக்கு எவ்வளவு பெரிய பேச்சு என்று இப்போது உள்ளவர்களுக்குத் தெரியாது.

வேலையைச் சொல்கிறேன். ஆளை முக்காலியில் உட்கார வைப்போம். நான் பின்னால் நின்று இரண்டு கையாலும் தலையைப் பிடிக்க வேண்டும். தலை ஆடக்கூடாது. கண்ணும் காதுத் துளையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். டாக்டர் வளைந்த இரண்டு கை உள்ள எஃகுக் கருவியை எடுப்பார். ஜனங்கள் அதை இடுக்கி என்றார்கள். தலை நீளம், தலை அகலம், கன்ன எலும்பு, கடைசியில் மூக்கு. மூக்குக்குச் சின்ன இடுக்கி. புருவத்துக்கு நடுவில் பள்ளத்தில் நீலப் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். அங்கிருந்து மூக்கு முடியும் இடம் வரை உயரம். பிறகு அகலம். அகலம் பார்க்கும்போது இடுக்கி தோலைத் தொடலாம், அழுத்தக்கூடாது. அழுத்தினால் ஒரு மில்லிமீட்டர் போய்விடும் என்பார். அகலத்தை உயரத்தால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். எழுபதுக்குக் கீழே வந்தால் மெல்லிசு மூக்கு. எண்பத்தைந்துக்கு மேலே அகல மூக்கு. மெல்லிசு மூக்குக்காரர்கள் வெளியிலிருந்து வந்த உயர்ந்த இனம், அகல மூக்குக்காரர்கள் இங்கேயே இருந்த பழைய இனம், ஜாதி ஏற ஏற மூக்கு மெலியும் என்று வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் முன்னமே எழுதிவைத்திருந்தாராம். டாக்டர் அதைச் சரிபார்க்க வந்தவர்.

அவர் முறை மிகவும் சுத்தம். ஒவ்வொரு அளவும் இரண்டு தரம் எடுப்பார். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாம் தரம். எண்ணை இரண்டு முறை சொல்வார். நான் திருப்பிச் சொல்வேன். அவர் தலையாட்டுவார். அதற்குப் பிறகுதான் எழுதலாம். கை சோர்ந்தால் வேலையை நிறுத்திவிடுவார். ஒரு ஆள் எழுந்ததும் இடுக்கியை ஸ்பிரிட்டால் துடைப்பது என் வேலை. என்னைத் திட்டியதே இல்லை. குரலை உயர்த்தியதும் இல்லை.

ஒருவருக்கு ஒரு சீட்டு. கெட்டி அட்டை. மேல் வரியில் எண், ஊர், பேர், ஜாதி. முந்தின நாளே கணக்குப்பிள்ளை கொடுத்த பட்டியலைப் பார்த்து டாக்டர் தன் கையால் ஊதாப் பென்சிலில் எழுதிவிடுவார். அழிக்க முடியாத பென்சில் அது. கீழே அளவுகளை நான் எழுதுவேன். எனக்குக் கொடுத்தது சாதாரணப் பென்சில். தப்பாக எழுதினால் அழிக்க வேண்டுமே. கடைசி வரியில் தழும்பு, பச்சை குத்தினது ஏதாவது இருந்தால் குறிப்பு. அதையும் நான்தான் எழுதுவேன்.

ஒன்று கவனித்தேன். தோல் நிறம் பார்க்க ஒரு தட்டில் கண்ணாடி வில்லைகள் வைத்திருந்தார். வெளுப்பில் தொடங்கிக் கறுப்பு வரை வரிசையாக எண் போட்டிருக்கும். புஜத்தின் உள்பக்கம் ஒவ்வொன்றாக வைத்து, ஒத்துப்போகும் வில்லையின் எண்ணைச் சொல்வார். ஊர்த் தெருக்காரர் உட்கார்ந்தால் வெளுப்புப் பக்கத்திலிருந்து வைத்துக்கொண்டு வருவார். சேரி ஆள் உட்கார்ந்தால் கறுப்புப் பக்கத்திலிருந்து. எது முதலில் ஒத்துப்போகிறதோ அங்கே நின்றுவிடுவார். பக்கத்துப் பக்கத்து வில்லைகளுக்குள் பெரிய வித்தியாசம் கிடையாது. சீட்டில் ஜாதி முன்னமே எழுதியிருக்கிறது. அவர் கை தானாகப் போனது. வேண்டுமென்று செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன்.

ரத்தமும் எடுத்தோம். விரலில் குத்தி ஒரு சொட்டு. ஆனால் ரத்த வகை பார்க்கும் சீரம் ஐஸில் இருக்க வேண்டும். ஐஸ் திருச்சியிலிருந்து ரயிலில் அரியலூர் வந்து, அங்கிருந்து வண்டியில் வருவதற்குள் தண்ணீராகிவிடும். இரண்டு தடவை கெட்டுப்போனது. ரத்தத்தை விட்டுவிட்டோம். தலைதான் கெட்டுப்போகாது என்றார் டாக்டர்.

அந்த வருஷம் நான் பேசின பேச்சு மொத்தமும் எண்தான். பங்களாச் சமையல்காரர் எனக்குப் பின்பக்கம் இலையில் போடுவார். வண்டிக்காரன் என்னைப் பற்றி ஏதோ யூகித்துவிட்டான், தள்ளி உட்கார்ந்து சாப்பிடுவான். ஊர்த் தெருவில் நான் மெட்ராஸ் ஆள், தூரத்திலேயே நிற்பேன். சேரிக்குப் போனால் எழுந்து நிற்பார்கள். "சார் வராரு" என்பார்கள். என் அம்மா வயதுப் பெண்கள். உட்காருங்கள் என்று சொல்ல வாய் வராது. சொன்னால் பேச்சு வளரும். பேச்சு வளர்ந்தால் எந்த ஊர் என்பார்கள். என் வீட்டுக்கு ஒரு நாள் நடை தூரத்தில் நின்றுகொண்டு நான் மெட்ராஸ்காரனாக இருந்தேன்.

கார்த்திகை மாசம் விக்கிரமங்கலம் பக்கம் ஒரு ஊருக்குப் போனோம். அங்கே பெரிய பண்ணை என்று ஒருவர். ஊரில் முக்கால்வாசி நிலம் அவருடையது. நாங்கள் தங்கினதும் அவர் வீட்டு மாடியில்தான். டாக்டர் மாடியில், நான் மாட்டுக் கொட்டகையில். சேரித் தலையில் வைத்த இடுக்கி எங்கள் தலையில் வரக்கூடாது, முதலில் ஊர்த் தெரு, பிறகுதான் சேரி என்று பண்ணை சொல்லிவிட்டார். ஸ்பிரிட்டில் துடைக்கிறோமே என்று டாக்டர் சொல்லிப் பார்த்தார். துடைத்தால் அழுக்குத்தானே போகும் என்றாராம்.

சாவடியில் பண்ணைதான் முதலில் உட்கார்ந்தார். பருத்த ஆள். காதில் இரண்டு துளை. நான் பின்னால் போய் நின்றதும் திரும்பிப் பார்த்தார்.

"இவன் யாரு?"

"மெட்ராஸ் ஆள்" என்றார் டாக்டர்.

"மெட்ராஸ்ல யாரு?"

"எங்க ஆபீஸ் ஆள்தான்."

பண்ணை என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முன்னால் திரும்பி, "சரி, புடி. என் மூக்கைக் கொண்டுபோய் மெட்ராஸ்ல என்ன பண்ணப் போறீங்களோ. சளி புடிச்சாத் தெரியும்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் இரண்டு கையாலும் அவர் தலையைப் பிடித்தேன். நல்லெண்ணெய் வாசனை அடித்தது. தலை ஆடுகிறது என்று டாக்டர் சொன்னார். இறுக்கிப் பிடித்தேன். மூக்கு உயரம் நாற்பத்தாறு. அகலம் நாற்பது. திருப்பிச் சொன்னேன். இரண்டு தரமும் ஒத்துப்போயும் டாக்டர் மூன்றாம் தரம் அளந்தார். அதேதான். தலையாட்டினார். எழுதினேன்.

அன்று சாயங்காலம் சேரி. புளியமரத்தடியில் முக்காலி போட்டோம். பண்ணையின் காரியக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இவர்களைச் சிலோனுக்குப் பிடித்துப்போகத்தான் அளக்கிறார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. ஒரு கிழவர், "தொப்பி தெச்சுத் தரப் போறாங்கடா, வேற என்ன" என்றார்.

வரிசையில் என் தாய்மாமா நின்றார்.

அவர் அந்த ஊரில் பண்ணையாளாக இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். வயலுக்குப் போயிருப்பார், வரமாட்டார் என்று நினைத்திருந்தேன். என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். அவருக்குப் புரிந்துவிட்டது. காலையில் பண்ணை தலையைப் பிடித்த கை அவர் அக்கா மகன் கை என்று காரியக்காரருக்குத் தெரிந்தால் அடி விழுவது எனக்கு அல்ல. நான் மறுநாள் போய்விடுவேன்.

மாமா உட்கார்ந்தார். தலையைப் பிடித்தேன். இடது புருவத்தில் அரிவாள் பட்ட தழும்பு. நான் சின்னப் பையனாக இருக்கும்போது அவர் மடியில் உட்கார்ந்து அதைத் தடவியிருக்கிறேன்.

"நேரா பாருங்க" என்றேன்.

காரியக்காரர், "என்னங்க சார், இவனுக்கெல்லாம் மரியாதை குடுக்குறீங்க" என்றார்.

"மெட்ராஸ்ல எல்லாருக்கும் அப்படித்தான்" என்றேன்.

மாமா முன்னால் பார்த்தபடியே, "சார் கை ஜில்லுனு இருக்குங்க" என்றார். அவ்வளவுதான் நாங்கள் பேசினது. உயரம் நாற்பத்தெட்டு. அகலம் முப்பத்து மூன்று. திருப்பிச் சொன்னேன். அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த ஊரில் அளந்தது நாற்பத்தொரு பேர். ஊர்த் தெரு இருபத்திரண்டு. சேரி பத்தொன்பது.

மறுநாள் அரியலூர் திரும்பும்போது மருதையாற்றில் தண்ணீர் வந்துவிட்டது. வண்டி பாதி ஆற்றில் சாய்ந்தது. சீட்டுப் பெட்டியைத் தலையில் தூக்கினேன். அதற்குள் அடியில் தண்ணீர் ஏறிவிட்டது. அரியலூர் பங்களாவில் பிரித்துப் பார்த்தோம். அந்த ஊர்ச் சீட்டில் ஏழு நனைந்திருந்தன. ஊதாப் பென்சில் தண்ணீர் பட்டால் மைபோல ஓடிவிடும். மேல் வரி மொத்தமும் ஊதாக் கறை. பேர் இல்லை, ஜாதி இல்லை. கீழே நான் எழுதின எண் அப்படியே இருந்தது.

குறிப்பு வரியைப் பார்த்து யார் யார் என்று நான் சொல்கிறேன் என்றேன். டாக்டர் வேண்டாம் என்றார். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "எண்ணே சொல்லும். பேரே இல்லாம யாரு எந்தத் தெருன்னு நான் பிரிக்கிறேன். அப்புறம் நீ சொல்லு. இதைவிட நல்ல பரீட்சை கிடைக்காது" என்றார்.

மேஜையில் இரண்டாகப் பிரித்து வைத்தார். ஊர்த் தெரு மூன்று, சேரி நான்கு. பிறகு என்னைக் கேட்டார். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஐந்து சரியாக இருந்தது. அவர் முகம் மலர்ந்தது. சேரி அடுக்கில் மேலே இருந்த சீட்டைக் காட்டி, காதில் இரண்டு துளை, இது பெரிய பண்ணை சார் என்றேன். ஊர்த் தெரு அடுக்கில் ஒன்றைக் காட்டி, புருவத்தில் தழும்பு, இது சேரி ஆள் என்றேன்.

அவர் இரண்டு சீட்டையும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு சொன்னார்.

"பண்ணை சீட்டுல நீ எழுதுனது தப்பு. முப்பத்து நாலை நாப்பதுன்னு எழுதியிருக்க."

"இல்லைங்க சார். நீங்க ரெண்டு தரம் சொன்னீங்க. நான் திருப்பிச் சொன்னேன். நீங்க மூணாந்தரம் அளந்தீங்க."

"மனுஷனுக்குக் கை தவறும், மருதமுத்து. அதுல ஒண்ணும் குத்தம் இல்லை."

"அப்ப இன்னொரு சீட்டும் தப்பாங்க?"

அதற்கு அவர் இல்லை என்றார். அது சரியாகத்தான் இருக்கும் என்றார். இந்த மாதிரி சில இடத்தில் வரும் என்றார். அந்த ஆளின் தாய் பண்ணை வீட்டில் வேலை செய்திருப்பாள், மேல் ரத்தம் கலந்திருக்கும் என்றார். சொல்லிக்கொண்டே சீட்டின் ஓரத்தில் ஒரு வார்த்தை எழுதினார். இங்கிலீஷ் வார்த்தை. என்னங்க அது என்று கேட்டேன். கலப்பு என்றார். திட்டுகிற மாதிரிச் சொல்லவில்லை. எடை சொல்கிற மாதிரிச் சொன்னார்.

பிறகு ஒரு தாளில் ஏதோ எழுதி என் பக்கம் நகர்த்தினார். பண்ணை சீட்டில் எண் எழுதியதில் பிழை என்று இருக்கிறது, கையெழுத்துப் போடு என்றார். போட்டால் அந்தச் சீட்டை ஒதுக்கிவிடலாம். மெட்ராஸுக்கு மறுநாள் ரயில். எனக்கும் சேர்த்துத்தான்.

பேனாவைக் கையில் எடுத்தேன். எடுத்தது உண்மை. அம்மா கூலிக்குப் போகாமல் இருப்பாள் என்று நினைத்தேன்.

கீழே வைத்துவிட்டேன்.

"சார், அந்த ஆளோட அம்மாதான் என் அம்மாவுக்கும் அம்மா."

டாக்டர் பென்சிலை மேஜையில் வைத்தார்.

"இதை ஏன் முன்னாடியே சொல்லலை?"

"மெட்ராஸ்னு சொல்லச் சொன்னீங்க."

வெளியே மழை விட்டிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கலப்புன்னா கேவலம் இல்லை. அது ஒரு வகைப் பேருதான்" என்றார்.

"அப்ப பண்ணை சீட்டுலயும் அதையே எழுதுங்க சார். கையெழுத்து வேணாம்."

"அது எப்படி எழுதுறது? அவர் வீட்டுல சாப்பிட்டிருக்கோம்."

"நீங்க சாப்பிட்டீங்க சார்."

நான் அவரிடம் அப்படிப் பேசினது அந்த ஒரு தடவைதான். திரும்பப் போய் இரண்டு பேரையும் அளந்துவிடலாம் என்றும் சொன்னேன். ஆறு வடியட்டும் என்றார். அடுத்த நாள் ஆறு வடிந்தது. அவர் போகவில்லை. ரயிலுக்குப் போனார். பெட்டிகளை நான்தான் ஸ்டேஷனுக்குத் தூக்கிப் போனேன். ஒரு டிக்கெட்தான் எடுத்திருந்தார். வண்டி புறப்படும்போது, பார்க்கலாம் என்றார்.

அம்மாவிடம், வேலை முடிந்துவிட்டது என்றேன். அவள் மேலே கேட்கவில்லை. பொங்கலுக்கு மாமா வந்தார். வாசலில் உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டே, "என் மூக்கு மெட்ராஸ் போய்ச் சேந்துடுச்சாடா மாப்ள?" என்று கேட்டார். போய்விட்டது என்றேன். பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் வைத்தேன்.

சில மாசம் கழித்து வேலைக்கு வரச்சொல்லி எனக்கு ஒரு கடிதம் வந்தது. டாக்டர் திருச்சி ஆஸ்பத்திரிக்கு எனக்காகச் சிபாரிசு எழுதியிருந்தார். ரத்தப் பிரிவு அப்போதுதான் தொடங்கினார்கள். இவன் எண் தவறாக எழுத மாட்டான் என்று எழுதியிருந்தாராம். ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் படித்துச் சொன்னார். மெட்ராஸ் டாக்டர் ஏன் அப்படி எழுதினார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அங்கே முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் பாட்டில் அடுக்கினேன். பாட்டிலில் ஏ, பி, ஓ என்று எழுத்துத்தான் இருக்கும். எல்லாத் தெருவிலும் எல்லா எழுத்தும் இருந்தது. யாருக்கோ யாருடையதோ ஏறியது. மூக்கை வைத்து இனம் பிரிப்பதெல்லாம் பழைய கதை, யாரும் இப்போது அதை நம்புவதில்லை என்று பின்னால் வந்த டாக்டர்கள் சொன்னார்கள். இப்போது வந்த ஆட்கள் இந்த நாட்டில் கலக்காத ஜாதியே இல்லை என்று சொன்னார்களாம். கலைச்செல்வி அதைப் பெரிய விஷயமாகச் சொன்னாள். சரிம்மா என்றேன். அவர்களும் ஜாதியை முன்னமே எழுதிக்கொண்டுதான் வந்தார்கள்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காரணம் ஒன்றும் பெரிதாக இல்லை. யாரிடமும் பேசாத பழக்கம் அந்த ஒரு வருஷத்தில் வந்தது, போகவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த மறு வருஷம், சுதந்திரம் வந்துவிட்டது, பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு ஒரு புத்தகம் காட்டினார். மெட்ராஸ் டாக்டர் எழுதியது. முன்னுரையில், தலைகளைப் பிடித்துக்கொண்ட பணியாளுக்கு நன்றி என்று இருப்பதாகப் படித்துச் சொன்னார். பேர் இல்லை. புத்தகத்தைக் கையில் வாங்கினேன். இங்கிலீஷ் தெரியாது, எண் தெரியும். ஊர் ஊராகக் கட்டம் போட்டிருந்தது. எந்த வரிசையில் போனோம் என்று எனக்கு நினைவிருந்தது. விரலை வைத்து எண்ணிக்கொண்டு வந்து அந்த ஊரில் நிறுத்தினேன். ஊர்த் தெரு இருபத்தொன்று. சேரி பதினெட்டு.

மறுபடியும் பார்த்தேன். கூட்டினால் முப்பத்தொன்பது. இரண்டு சீட்டு குறைந்தது.

"என்னப்பா பாக்குற?" என்றார்.

ஒன்றுமில்லை சார் என்று சொல்லிப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டேன்.

மாமா அப்போது உயிரோடு இருந்தார். பண்ணையும் இருந்தார். இரண்டு பேருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்து அவர்கள் இரண்டு பேரையும் ஒன்றாக ஒதுக்கி வைத்தது அந்த ஒரு இடத்தில்தான்.